மணை போட்ட சீட்டு

திருவண்ணாமலை,
மார்கழி 3

சிரஞ்சீவி விஸ்வநாத்துக்கு அக்கா சைலஜா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பாவின் வலது முழங்கால் தவிர எல்லோரும் சௌக்கியம். சிங்கப்பூரில் நீயும் கவியாவும் சௌக்கியமா? போனில் சொன்னால் பாதியில் மீட்டிங்னு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்!

அப்பாவுக்காக நீ பார்த்து வைத்திருக்கிற அந்தப் பெரிய வண்டி நேற்று வந்தது. சென்னை ஷோரூமிலிருந்து கீர்த்தனானு ஒரு பெண் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டிப் பார்த்து எப்படி இருக்குனு எழுதுனு சொன்னாய். எழுதுகிறேன், பொறுமையாகப் படி. தை முதல் தேதி கோயிலில் அப்பாவின் பூஜை முறை ஆரம்பம், பதினைந்து நாள். இந்தத் தடவை கால் ஒத்துழைக்காவிட்டால் முறையைப் பங்காளிகளுக்கே விட்டுக்கொடுத்துவிடுவேன்னு சொல்லிவிட்டார். அதை நான் நடக்க விடமாட்டேன். வண்டியை நான் பார்த்ததும் அந்த எண்ணத்தோடுதான்.

முதலில் ஓட்டம். பொய் சொல்லமாட்டேன், எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ரமணாசிரமம் தாண்டி செங்கம் ரோட்டில் நானே ஓட்டினேன். காலை வைத்தேனோ இல்லையோ, பெங்களூர் பஸ் எங்கேயோ பின்னால் போய்விட்டது. என் சின்ன வண்டியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா சிவசிவானு சொல்லுவாள். இதில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் நம் தெருவுக்குள் நுழைந்ததும் அதன் ஜம்பமெல்லாம் போச்சு! மாடு படுத்திருந்தால் கீகீனு கத்துகிறது. தண்ணி வண்டி நின்றால் கத்துகிறது. கஸ்தூரி மாமி வாசல் தெளிக்க வந்தாலும் கத்துகிறது. மூலையில் திரும்ப ஆறு தடவை முன்னும் பின்னும் போனேன். என்னடி சைலு, தேர் இழுக்கிறியானு மாமி கேட்டாளே பார்க்கணும், தெருவே சிரித்தது.

சொகுசு ரொம்பவே ஜாஸ்தி. சீட்டே முதுகு பிடித்துவிடுகிறதுடா. அம்மா கண்ணை மூடினவள்தான், தட்டி எழுப்ப வேண்டியதாகிவிட்டது. அப்பாவோ, பரீட்சைனா முழுசாப் பண்ணணும்னு குளித்து, மடியாகப் பஞ்சகச்சம் கட்டி, விபூதியோடு வந்து நின்றார். அந்தப் பெண் பாவம், சீட்டைத் தடவிக்காட்டி, அசல் தோல் சார்னு பெருமையாகச் சொல்லிவிட்டாள். தூக்கின காலை அப்பா கீழே வைத்துவிட்டார். மடியோடு தோல்மேல் உட்காருவாரா? அவர் முகத்தைப் பார்த்து அவள் மிரண்டுபோய், இல்லை சார், அசல் மாதிரி இருக்கும், அசல் இல்லைனு மாற்றிச் சொன்னாள். முன்னே சொன்னது நிஜமா, இப்போ சொன்னது நிஜமானு அப்பா கேட்டதும் அவளுக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் அப்பா உள்ளே போய், தான் சாப்பிட உட்காரும் மணையைக் கொண்டுவந்து சீட்டின்மேல் போட்டு உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. சீட்டு பாட்டுக்கு மணைக்கு முதுகு பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது! சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே எடுத்துவிட்டது.

இவ்வளவு உயரத்தில் எப்படி ஏறுவார்னு முதலில் பயந்திருந்தேன். அங்கேதான் அசந்துபோனேன். பொத்தானை அமுக்கினால் வண்டி தானாகத் தாழ்கிறது. அப்பா சிரமம் இல்லாமல் ஏறினார், இறங்கினார். அதற்கு முழு மார்க் கொடுக்கிறேன். கோபுர வாசல் பக்கம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

அதற்கப்புறம்தான்டா விஷயமே. சந்நிதி வரை நடந்து பார்க்கிறேன்னு அப்பா உள்ளே போனார். பிராகாரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அர்த்த மண்டபத்துக்கு முன்னால் கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் தீட்சை வாங்கினவர்கள்தானே கூடப் போக முடியும்? ரெண்டு கையாலும் காலைத் தூக்கிவைத்துப் படியைத் தாண்டினார். ஒரு தடவை தடுமாறினார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றேன், பிடிக்க முடியவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு. உள்ளே இருக்கிற மற்றவர்களுக்கு அவரவர் வேலை. இவரும் வாயைத் திறந்து உதவி கேட்கிற ஆளா?

கல்யாணமான வருஷமே நீ தீட்சை வாங்கினாய். ரெண்டு வருஷம் அவர் பக்கத்திலேயே நின்று பூஜை செய்தாய். நம் வீட்டில் அந்தப் படியில் அவர் கையைப் பிடிக்கக்கூடியவன் நீ ஒருத்தன்தான்.

அதனால் வண்டி வேண்டாம்னு கீர்த்தனாவிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் வண்டி வந்தால் நீ வரமாட்டாய், எனக்குத் தெரியும். என் வண்டியின் முன் சீட்டில் மணைக்கு இடம் பண்ணியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பதினைந்து நாளும் காலை வேளைக்கு லீவு சொல்லிவிட்டேன். கோபுர வாசல் வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே நீ வா. நாலு மணி நேர விமானம்தானே விசு, அதற்கு என்ன அத்தனை யோசனை?

அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. போன வருஷம் நீ வருகிறாய்னு சொன்னதும் உன் பஞ்சகச்சத்தை அவரே நனைத்து உலர்த்தினார். நாலு நாள் கொடியிலேயே கிடந்தது. எடுத்து மடிக்க அம்மாவுக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. இந்தத் தடவை டிக்கெட் எடுத்த பிறகு நீயே அவருக்குப் போன் பண்ணிச் சொல். அண்ணாமலையார் உன்னையும் கவியாவையும் நூறு வயசு நன்றாக வைக்கட்டும். உன் போன் வந்த அன்றைக்குத்தான் உன் வேஷ்டியை நனைப்பேன்.

உன் அக்கா,
சைலஜா