பள்ளத்து வயலுக்குப் போட்ட பட்டணத்து உப்பு

அரியூர் நாடு, கொல்லிமலை
வெகுதானிய வருடம், தை மாதம்

அன்பு மகன் சின்னராசுக்கு அம்மா பொன்னாயி சொல்லி எழுதுவது. அறப்பளீசுவரர் புண்ணியத்தில் நாங்களும் மாடு கன்றுகளும் சுகம், நீயும் அந்தத் துறைமுகத்து வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பாவாயி எழுதுகிறாள், எல்லாவற்றையும் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றித்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிறாள், அதனால் அம்மா எப்போது இப்படிப் பேசக் கற்றுக்கொண்டாள் என்று பயந்துவிடாதே.

நீ ரயிலில் போட்டு அனுப்பிய சீமை உரம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். உன் அப்பா அந்த மூட்டையைச் சேந்தமங்கலத்திலிருந்து தன் தலையிலேயே சுமந்து மலையேறினார், கூலிக்கு ஆள் வைக்கச் சொன்னதற்கு, என் மகன் அனுப்பினதை இன்னொருத்தன் தொடுவதா என்றார். வழியில் மழை பிடித்துக்கொண்டது, உர உப்பு கரைந்து கழுத்தில் வழிந்து, வந்து சேரும்போது தோளெல்லாம் ஒரே எரிச்சல். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, தோலிலேயே இந்த வேகம் காட்டினால் பயிரில் என்ன காட்டும் என்று சந்தோஷப்பட்டார். நீயோ, தொழுவுரம் போட்ட வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரமண்ணோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தடவை தூவச் சொல்லி எழுதியிருந்தாய். அவரோ இந்த வருஷம் சாணியும் வேண்டாம் தழையும் வேண்டாம் என்று, மூட்டை முழுவதையும் பள்ளத்து வயலிலேயே கொட்டினார். பாவாயி கல்யாணத்துச் சோறு அந்த வயல் நெல்லில்தான் என்று வாழவந்தி நாட்டுச் சம்பந்தி பொன்னனிடம் வாக்குக் கொடுத்திருந்தாரே, அந்த அவசரம்.

பயிர் வந்தது பார் கண்ணு, கறுகறுவென்று இடுப்பு உயரத்துக்கு. பைல் நாட்டிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள், உன் அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்று வரவேற்றார். ஊரில் மற்ற வயலெல்லாம் கதிர் தள்ளியும் நம் பயிர் மட்டும் இலைமேல் இலையாக விட்டுக்கொண்டிருந்தது, புழுக்களுக்கு அது விருந்துச் சாப்பாடு. ஒருவழியாகக் கதிர் வந்த நேரத்தில் கார்த்திகை மழை அடித்தது, விடிந்து பார்த்தால் வயல் முழுக்கப் பாய் விரித்ததுபோலப் படுத்துக் கிடந்தது. அறுத்துத் தூற்றியதில் முக்கால்வாசி பதர். வருஷத்தின் பேர் வெகுதானியமாம், நம் களத்தில் வைக்கோல்தான் வெகுவாக இருந்தது. அப்புறம் ஏர் கட்டினால் மண் வெந்த செங்கல் மாதிரி கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. உன் அப்பா கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணையே கொன்றுபோட்டேனா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவாயியும் சோறு சரியாகத் தின்னவில்லை, வாக்குத் தவறிய வீட்டில் பெண் எடுப்பார்களா என்ற கவலை அவளுக்கு. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தி வந்து சேர்ந்தார். உன் அப்பா கொல்லைப்பக்கமாக நழுவப் பார்த்தார், நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். சம்பந்தி களத்தைச் சுற்றி வந்து வைக்கோற்போரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏனுங்க, இத்தனையும் உங்களுதுங்களா என்றார். உன் அப்பா தலையைக் குனிந்தபடி ஆமாங்க என்றார். எங்கூட்டு மாடெல்லாம் தீனியில்லாமக் கத்துதுங்க, இந்த வைக்கோலை எனக்குக் குடுங்க, கல்யாணத்துக்கு நெல்லு நான் கொண்டாறேன் என்று சொல்லிவிட்டார் அந்த மனுஷன். அதோடு நிற்காமல் தன் மாடுகளை ஓட்டிவந்து பள்ளத்து வயலிலேயே பட்டி போட்டிருக்கிறார். அதுகள் அங்கேயே தின்று அங்கேயே சாணி போடுகின்றன, போன வாரம் மண்வெட்டி கொஞ்சம் இறங்கியது. உன் அப்பா தினமும் போய்க் கட்டியை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறார்.

இன்னொன்று சொல்கிறேன், இது பாவாயிக்கே இப்போதுதான் தெரியும், எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். உன் அப்பா மூட்டையைக் கொட்டப் போகும் முன் நான் அதில் ஒரு முறம் உரம் எடுத்து ஒளித்து வைத்தேன். மேட்டுக்காட்டில் தொழுவுரம் போட்டுக் கேழ்வரகு நட்டு, நீ சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன், கதிர் ஒவ்வொன்றும் மூடின கை மாதிரி வந்தது. உன் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்து, என்ன புள்ளே போட்டே என்றார். சாணிதானுங்க என்றேன், முழுப்பொய் இல்லையே.

கல்யாணம் மாசியில், முன்னமே லீவு சொல்லி வைத்து வந்து சேர், தங்கைக்கு மாலை எடுத்துக் கொடுக்க நீ வேண்டும். கடல் பக்கம் தனியாகப் போகாதே. எட்டுக்கை அம்மன் உன்னைக் கண்போலக் காப்பாள், தலைநிறைய முடியும் வயிறு நிறையச் சோறுமாக நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பா இந்தத் தடவை இரண்டு மூட்டை அனுப்பச் சொல்லி எழுதச் சொல்கிறார். நீ ஒன்று அனுப்பினால் போதும், சின்னதாக, அதன்மேல் என் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா
பொன்னாயி