ஒரே கையின் இரண்டு படங்கள்

மார்ச் 3, செவ்வாய்

கைக்குப் பூசும் க்ரீமுக்கு முழுப்பக்க விளம்பரம். இடதுபக்கப் படத்தின் கீழே 'முன்பு', வலதுபக்கம் '28 நாளில்'. கம்பெனி அனுப்பியிருந்த மாடலின் கை இரண்டு படத்திலும் வெண்ணெய் மாதிரி இருந்தது. மில்லிமீட்டர் சார் தலையில் அடித்துக்கொண்டார். (எங்கள் பத்திரிகையின் விளம்பரப் பிரிவுத் தலைவர். எதையும் ஸ்கேல் வைத்துத்தான் பார்ப்பார். நாங்கள் வைத்த இந்தப் பெயர் அவருக்குத் தெரியாது.)

"இந்தக் கையைப் பிழிஞ்சாலே க்ரீம் வரும். வேலை செய்யற கை ஒண்ணு புடிங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக இங்கே வாய் திறக்காத நான், "எங்கம்மா கை இருக்கு சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஒருமுறையாவது அவர் என் பக்கம் திரும்பட்டும் என்றுதான்.

மார்ச் 4

அம்மா ஹோட்டல் லாண்டரியில் பத்தொன்பது வருடமாகத் துவைக்கிறாள். நான் படித்து முடித்ததே அந்தச் சோப்புத் தண்ணீரில்தான். ஆபீஸ் கேமராவில் அவள் வலது கையைப் படம் எடுத்தேன்.

"பவுடர் போட்டுக்கட்டுமா?"

"வேண்டாம்மா, அப்படியே இரு."

"அவளவளுக்கு மூஞ்சி வருது பத்திரிகையில. எனக்குக் கை வருது!"

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மார்ச் 6

"நல்ல கைதான். ஆனா அச்சுல பத்தாது" என்றார் சார். கருமையைக் கூட்டினேன். விரல் மடிப்புகளில் வெடிப்பு வரைந்தேன். நகக்கண்களில் கொஞ்சம் சிவப்பு.

"இதே படத்தை மழமழன்னு ஆக்கி வலதுபக்கம் போட்டுடு. ஒரே ஆள் கை மாதிரி தெரியும்."

ஒரே ஆள் கைதானே சார் — மனதுக்குள்தான் சொன்னேன். அப்புறம் சுருக்கம், தழும்பு, காய்ப்பு எல்லாவற்றையும் அழித்தேன். கட்டைவிரல் மச்சத்தை மட்டும் விட்டுவைத்தேன். அசல் படம் தனியாக இருக்கிறது. அசலில் கைவைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம்.

மார்ச் 9

அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரிப் பக்கம் வந்தது. சார் லென்ஸ் வைத்துப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். மூலையில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அதை எதற்கு மறைக்க?

ஏப்ரல் 1

இதழ் வந்துவிட்டது. அம்மா பக்கத்தை விரித்து, தன் கையை மடியில் இறக்கிக்கொண்டாள்.

"என் கை இவ்ளோ மோசமாவாடி இருக்கு?"

"அச்சுல கொஞ்சம் கறுத்துத் தெரியும்மா."

கொஞ்சம்!

அடுத்த படத்தைத் தொட்டாள். "இதுலயும் என் மச்சம் இருக்கே. பூசினா இப்படி ஆகும்னு காட்டியிருக்கீங்களா?"

தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 3

அம்மா அந்த க்ரீமை வாங்கி வந்துவிட்டாள். இன்றே ஆரம்பம்.

ஏப்ரல் 12

லாண்டரியில் ஒருத்தி, "விளம்பரமெல்லாம் சுத்தப் பொய்க்கா" என்றாளாம்.

"என் பொண்ணு செஞ்ச விளம்பரம்டி, அவ பொய் போடுவாளான்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டா" என்றாள் அம்மா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெடிப்பு நான் வரைந்தது, மினுமினுப்பும் நான் வரைந்தது, நடுவில் க்ரீம் எங்கேயும் இல்லை என்று. மூன்றே வாக்கியம். என்ன கேடு எனக்கு?

ஏப்ரல் 20

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30

இருபத்தெட்டாம் நாள். காலையில் அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாள் பூரா தண்ணியில கிடக்கிற கை. எப்படி ஒட்டும்? கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், பாவம்."

யாரைப் பார்த்துப் பாவம் என்கிறாள்!

மே 2

அசல் படத்தை ஆபீஸில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். கருமை கூட்டாத, எதையும் அழிக்காத கை. இதைக் காட்டி, "இதுதாம்மா உன் கை, மத்த ரெண்டும் நான் பண்ணினது" என்று சொல்லிவிடுவது. பஸ்ஸில் இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தேன்.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். உடனே எழுந்து போய் இதழை எடுத்து வந்து, 'முன்பு' படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடியே, க்ரீம் கேட்டிருக்குடி! வெடிப்பெல்லாம் எங்க போச்சு பாரு! எனக்குத் தெரியாம எப்ப எடுத்தே, திருடி?"

"அம்மா—"

"இரு. கீழே தேதி போட்டுக் குடு. நாளைக்கு லாண்டரியில அவகிட்ட காட்டணும்."

பேனாவை என் கையில் திணித்தாள்.

இன்றைய தேதியைப் போட்டுக் கொடுத்தேன்.