அரைவட்டப் படிகள்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அத்தானுக்குச் சக்கர நாற்காலிதான். வாசல் படிமேல் சாய்தளம் போட நகராட்சியில் கேட்டேன். பாரம்பரிய வீடு, முகப்பில் கை வைக்கக் கூடாது என்று கையை விரித்துவிட்டார்கள். என் பிறந்தநாளுக்குப் பரிசு என்று நீதானே மனுப் போட்டு வீட்டைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்தாய். பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கட்டடக்கலை படித்தவன் நீ, ஒரு வரி எழுதினால் கேட்பார்கள். பின்பக்கம் வழி கிடையாது. மனுஷர் தெருவைத் தொட்டு மாதக்கணக்காகிறது.

அக்கா

பிப்ரவரி 24

அன்பு அக்கா,

நம் தெரு போல எங்கே இருக்கிறது, சொல். டாக்டர் வீட்டுக்கு வட்டக் கோபுரம், எதிர்வீட்டுக்கு மர மாடம், கோடிவீட்டுக்குச் செங்கல் வளைவு, நமக்கு அரைவட்டக் கல்படி. ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அதன் மேல் சிமெண்டைக் கொட்ட நானே எப்படி எழுதுவேன்? கொஞ்சம் பொறு, நேரில் வரும்போது பார்க்கலாம். படிகளைப் படம் எடுத்து அனுப்பேன். கருத்தரங்கில் காட்ட வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

படம் இத்துடன். எடுக்கும்போதே சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்தது. அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி அவரிடம், "கொஞ்சம் உள்ள தள்ளிக்கங்க சார், ஜன்னல் முழுசா தெரியணும்" என்றான். அவரும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு என்னிடம், "அந்தப் பட்டியல்ல நான் இருக்கேனா, இல்லையா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். அலுத்துப்போய்விட்டது தம்பி. நகராட்சிக்கு எழுது.

அக்கா

ஏப்ரல் 9

அன்பு அக்கா,

படம் பிரமாதம். எல்லோரும் அசந்துவிட்டார்கள். ஜன்னல் கதவுக்கு யார் அந்தப் பச்சையை அடித்தது? பழைய நிறத்துக்கே மாற்றச் சொல்.

உன் தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

வீடு மாறிவிட்டோம். புது முகவரி உறையில் இருக்கிறது. இந்த வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு. பக்கத்து வீட்டுக்காரர் நேற்றுக்கூடத் தவறி நம் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஹாலில் உட்கார்ந்துவிட்டார். உனக்குப் பார்க்கச் சகிக்காது. ஆனால் தெருவும் வாசலும் ஒரே மட்டம். வந்த அன்று சாயங்காலம் அத்தான் தானாகவே முனைக் கடைவரை உருட்டிக்கொண்டு போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

பழைய வீட்டின் சாவி டாக்டர் வீட்டில் இருக்கிறது. ஒரு கீறல் இல்லாமல் விட்டு வந்திருக்கிறேன். இனி அது உன் பாடு.

கிளம்புமுன் உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அத்தான் எப்படி இருக்கிறார் என்று ஒன்றில்கூட நீ கேட்கவில்லை. கேட்கத் தோன்றினால் எழுது, பதில் போடுகிறேன்.

அக்கா