கக்கத்தில் ஒரு புத்தகம்

என்னவனுக்கு,

நேரில் பேச ஆரம்பித்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் வேறு எதையாவது சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கூட வேலை பார்க்கும் மராமா இன்று எனக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தாள். ஆற்றில் இல்லை, ரக்பி மைதானத்தில். இழையின் நுனியில், ஈ மாதிரிக் கட்டிய முள்ளுக்குப் பதில் கம்பளித் துணுக்கு. வீச வீச அது என் தொப்பியிலேயே வந்து சுற்றிக்கொண்டது.

"என்னடி, மீன் பிடிக்கிறியா, ஈ ஓட்டுறியா? முழங்கை பறக்குது பாரு!" என்று சிரித்தவள், காரிலிருந்த ஆட்டுக்கிடா ஏலப் பட்டியல் புத்தகத்தை எடுத்து, கேட்காமலே என் வலது கக்கத்தில் செருகினாள். புதிதாகப் பழகுகிற எல்லாருக்கும் இதுதானாம். புத்தகம் விழாமல் வீச வேண்டும்.

அந்தப் பக்கம்தான். மார்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏழு மாதமாக அங்கே சோப்புப் போட நானே அஞ்சுவேன். உன் கை தவறிப் பட்டதற்கு நான் அலறியதும், மறுநாள் நீ தலையணையும் போர்வையுமாக அடுத்த அறைக்கு மாறியதும் உனக்கு நினைவிருக்கும்.

மராமாவுக்கு இதெல்லாம் தெரியாது. "பின்னாடி இழை முழுசா நீளட்டும், அப்புறம் முன்னாடி வீசு. பஸ்ஸா போயிடுது?" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். எத்தனையாவது வீச்சோ, இழை நேராக நீண்டு புல்மேல் இறங்கியது.

"போதும், புத்தகத்தைக் குடு. நாளைக்கு ஏலத்துக்குப் போகணும்" என்றாள்.

ஒரு மணி நேரம் அதை அழுத்திப் பிடித்திருக்கிறேன். வலிக்கவே இல்லை. காரில் உட்கார்ந்து அழுதேன், பயப்படாதே, நிம்மதியில்தான்.

உன் தலையணையை நம் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். போர்வையை நீ எடுத்து வா.

உன்னவள்