ஏரிக்கரையில் பன்னிரண்டு மணி நேரம்

9.11.2024, சனி

காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். தேவனாம்பட்டினம் கடற்கரையின் ஈரமணலில் போய்ப் போய்த் திரும்பினேன். வீட்டில் இதற்கு வாக்கிங் என்று பெயர். சுகர் இருக்கிறது, அதனால் நடக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்குச் சுகர் கிடையாது. மேல்பட்டாம்பாக்கம் மெடிக்கலில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் சுகர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்குப் பொய்யாகக்கூட ஒன்று இருக்கக் கூடாதா.

சிதம்பரம் ராஜவேல் செய்தி அனுப்பியிருக்கிறார். வீராணம் ஏரிக்கரை ஓட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். ஜனவரி 25, சனிக்கிழமை, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. நாலு கிலோமீட்டர் சுற்று, முழுக்க மண் பாதை. கரைமேல் போய், கீழே இறங்கி, வாய்க்கால் ஓரமாகத் திரும்ப வேண்டும். இவ்வளவு தூரம் ஓடினால் முடிந்தது என்று இதில் கிடையாது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை சுற்று முடிக்கிறோமோ அதுதான் கணக்கு.

போன வருஷம் மெடிக்கல் கேம்ப் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏழாவது மணி நேரத்தில் வீட்டுக்காரர் போன் செய்தார். சிலிண்டர் வந்திருக்கிறதாம், கேஸ் புக் எங்கே என்று. இருக்கிற இடத்தைச் சொன்னேன். தேடிக் கிடைக்கவில்லை, நீயே வா என்றார். வந்துவிட்டேன். நான் வருவதற்குள் புக்கும் கிடைத்திருந்தது, சிலிண்டரும் மாட்டியாகியிருந்தது.

மீதி ஐந்து மணி நேரம் யாருக்கும் பயன்படாமல் எங்கேயோ கிடக்கிறது. இந்தத் தடவை எனக்குத் தூரம் வேண்டாம். பன்னிரண்டு மணி நேரமும் வேண்டும். முழுசாக.

10.11.2024

ஓடப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிடலாமா? ஷூ வாங்கிய அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாப்பது வயசுல என்னா ஓட்டம், ஊரு சிரிக்கும்.

24.11.2024, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஆனால் வேறு மாதிரி.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து காபி குடிக்கும்போது, அவரும் அத்தையும் இருக்கையிலேயே சொன்னேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வீராணம் ஏரிக்கரையில் காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை நடப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று. நடப்பது, ஓடுவது என்ற வித்தியாசத்தை விட்டுவிட்டால் எல்லாம் உண்மை. அந்த 'நேர்ந்துகொண்டிருக்கிறேன்' மட்டும்தான் பொய்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டார். வெளியில் சொல்லக் கூடாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இந்த வீட்டில் என் வாயிலிருந்து வந்த எந்தச் சொல்லுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. காய்ச்சல் என்றால் கூட இட்லிக்கு ஊறப்போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். வேண்டுதல் என்றதும் கதவு தானாகத் திறக்கிறது.

அத்தை மட்டும் கேட்டார்கள், வேளாங்கண்ணிக்கு நடக்காமல் ஏரிக்கு ஏன் என்று. மாதா எங்கேதான் இல்லை அத்தை என்றேன். எனக்கே என்னைக் கண்டு பயமாக இருந்தது.

3.12.2024

புயல் போய் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. பெண்ணையாற்றில் வெள்ளம். கடைக்குப் பஸ் இல்லை, ஓட இடமும் இல்லை. மாடியில் எட்டு வைத்து எட்டு வைத்து ஒரு மணி நேரம் சுற்றினேன். பக்கத்து வீட்டு பிரிசில்லா அக்கா தண்ணீர் டேங்க்கை எட்டிப் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, வேண்டுதலுக்குப் பழகறியாம்மா என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

8.12.2024, ஞாயிறு

மாதா திருநாள். பிரிசில்லா அக்கா ஒரு மெழுகுவத்திக் கட்டு கொடுத்தார். மகனுக்கு விசா கிடைக்கணும், நடக்கும்போது நினைச்சுக்கோ என்று. வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

21.12.2024, சனி

எழுதாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அவருக்கு, அதாவது அவர்கள் மகனுக்கு, ஆறு வயதில் மூளைக்காய்ச்சலாம். பெரியாஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்களாம். பிள்ளை பிழைத்தால் கடலூரிலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டார்களாம். பிழைத்துவிட்டார். ஆனால் மாமா விடவில்லை. பொம்பளை ரோட்டில் நாலு நாள் நடப்பதா என்றாராம்.

"பஸ்ஸுல போயி காணிக்கை போட்டுட்டு வந்துட்டோம். மாதா ஒண்ணும் கேக்கல. நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார்கள்.

பிறகு, முட்டி இனிமேல் ஆகாது, எனக்கும் சேர்த்து நடந்துவிடு என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். வெங்காயக் கண்ணீர் இல்லை அது.

சரி அத்தை என்றேன். சரின்னு சொன்னேன். என்னா பண்ணுவேன் நான்? இல்லன்னா சொல்ல முடியும்?

22.12.2024

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மற்ற எல்லாப் பாவத்தையும் சொன்னேன்.

11.1.2025, சனி

முப்பது கிலோமீட்டர். கடைசிப் பத்தில் என்னைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருக்கும் ஒரு பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அத்தைக்கு என்னைவிடப் பதிமூன்று வயது குறைவு.

24.1.2025, வெள்ளி

சிதம்பரத்தில் ரூம். மேல வீதிப் பக்கம். நாளைக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. கேஸ் புக் டிவி மேல். கிளம்பும்போது அத்தை நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது.

26.1.2025, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கால் என்னுடையது மாதிரி இல்லை. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு ஹாரன் அடித்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். இரண்டு சுற்று வரைக்கும் ஏரியே தெரியவில்லை, அவ்வளவு பனி. இடது பக்கம் தண்ணீர் இருக்கிறது என்று சத்தத்தில்தான் தெரிந்தது. முன்னால் ஓடினவர்கள் கரைந்துபோனார்கள். பின்னால் யாரும் இல்லை. வெள்ளைத் துணிக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. கால் சத்தம் மட்டும் கூட வந்தது, அதுவும் கொஞ்ச நேரம் கழித்து வேறு யாருடையதோ போலாகிவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் யாருக்கும் மருமகள் இல்லை. சந்தோஷமாக இருந்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன், சந்தோஷமாக இருந்தேன்.

பனி விலகியதும் ஏரி முழுக்க வெளிச்சம். நீர்க்காகங்கள் கட்டைமேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. வாய்க்கால் அந்தப் பக்கம் சம்பா பழுக்கத் தொடங்கியிருந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எட்டாவது சுற்றில் நிமிர்ந்து, "எத்தினி தடவம்மா போவ, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

உச்சி வெயிலில், கரை நின்ற இடத்தில் நிற்கிறது, ஏரிதான் என்னைச் சுற்றி மெதுவாகத் திரும்புகிறது என்று தோன்றியது. செத்துப்போன அப்பா வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பயமே இல்லை. உப்பு குறைந்தால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரி இல்லையா. உப்புத் தண்ணீர் குடித்தேன். அப்பா போய்விட்டார். குடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஒரு மணி தாண்டியது. போன வருஷம் திரும்பிப் போன நேரம். போன் பையில் அணைந்து கிடந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிமிஷமும் எனக்குப் புதுசு. அதிலிருந்து ஒரு சுற்று எனக்கு, ஒரு சுற்று அத்தைக்கு என்று பிரித்துக்கொண்டேன். அத்தையின் சுற்றில் மட்டும் அருள் நிறைந்த மரியே சொன்னேன். மூச்சு வாங்குவதால் பாதி பாதியாகத்தான் வந்தது.

பதிமூன்றாவது சுற்று முடியும்போது மணி மூன்றே கால். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் இதுவும் அப்பா மாதிரிதான் என்று நினைத்தேன். ஆனால் மடியில் தூக்குப் பாத்திரம் இருந்தது, புளிச்சோறு வாசனை வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் என்று தனியாக மாறி மாறி வந்திருக்கிறார்கள். தன் வேண்டுதலை யாரோ நடக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். ராஜவேல் பாவம், பக்கத்தில் நின்று பெருமையாக எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். உங்க மருமக பொம்பளைங்கள்ல மூணாவதா ஓடறாங்கம்மா என்று.

என் நெஞ்சில் குத்தியிருந்த நம்பரை அத்தை பார்த்தார்கள். பிறகு காலை. பிறகு முகத்தை.

"வேண்டுதல் இல்லியா?"

"இல்ல அத்த. ஓட்டப்பந்தயம்."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட நல்லது. கொஞ்ச நேரம் தூக்குப் பாத்திர மூடியை அழுத்திக்கொண்டே இருந்துவிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் என்றேன். போ என்றும் இல்லை, வா என்றும் இல்லை.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அப்படித்தான் திரும்பியிருக்கிறேன், யார் எதற்குக் கூப்பிட்டாலும். நேற்று நான் ஏரிப் பக்கம் திரும்பி ஓடினேன். அவங்கள அங்கியே உக்கார வெச்சிட்டு ஓடினேன். அழுதுகிட்டே ஓடினேன், ஆனா ஓடினேன்.

பதினாலு, பதினைந்து. ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் இருந்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. பதினாறு முடியும்போது ஐந்தே காலுக்கு மேல். நாற்காலி காலி. பாத்திரம் மட்டும் இருந்தது. ராஜவேல் யாருக்கோ கால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் தெரியவில்லை. பஸ் ஏறிவிட்டார்களா? இருட்டப் போகிறது. வழி தெரியுமா? போனை எடுக்கப் பை பக்கம் போனவள், கரையைப் பார்த்துவிட்டு நின்றேன்.

கரைமேல் அத்தை நடந்துகொண்டிருந்தார்கள்.

ரப்பர் செருப்பு. கையில் ஜெபமாலை. ஒவ்வொரு எட்டுக்கும் இடது முட்டியை ஒரு கையால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு. ஓடுகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். ஓடிப் போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். அத்தை, வேண்டாம், முட்டி வீங்கிவிடும் என்றேன். ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

"எனக்காவ நீ நடக்க வேணாம். என்னுத நான் நடந்துக்கறேன். நீ போ, உன் நேரம் போவுது."

போனேன். பதினேழாவது சுற்றை ஐந்து ஐம்பத்து நாலுக்கு முடித்தேன். அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது. முழுச் சுற்று வராது, கணக்கில் சேராது, உட்காரும்மா என்றார்கள் பந்தலில் இருந்தவர்கள். உட்காரவில்லை. அந்த ஆறு நிமிஷமும் என்னுடையதுதானே. திரும்பக் கரைமேல் ஏறினேன். ஹாரன் அடித்தபோது சூரியன் தண்ணீருக்குள் பாதி போயிருந்தது. எதிரே கொஞ்ச தூரத்தில் அத்தை, தலை குனிந்து, ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று வந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் அவர்களுக்கு இல்லை. நிற்காமல் நடந்தார்கள்.

2.2.2025, ஞாயிறு

அத்தை ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. முட்டியில் நான் தைலம் தேய்க்கும்போது காலை மட்டும் நீட்டுவார்கள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சுதா என்று அவர் கேட்டார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்கள். நானே சொன்னேன், ஓட்டப்பந்தயம் என்று. பொய் சொல்லிட்டு மாதாவையும் இழுத்தியா என்றார். ஆமாம் என்றேன்.

பிரிசில்லா அக்காவின் மெழுகுவத்திகளைக் கோயிலில் ஏற்றினேன். எல்லாவற்றையும் நின்று எரியவிட்டுவிட்டு வந்தேன்.

9.2.2025

அத்தை பேசினார்கள். "பொய்ய நீ எங்கிட்ட சொல்லல, மாதாகிட்ட சொல்லியிருக்க. அவகிட்டயே பேசித் தீத்துக்க." பிறகு, ரசத்துக்குப் புளி போதுமா பார் என்றார்கள்.

1.3.2025, சனி

காலை ஐந்தே முக்காலுக்கு ஷூ போட்டுக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் அத்தை செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று சனிக்கிழமையாக இப்படித்தான். தேவனாம்பட்டினத்தில் நான் வடக்கே ஓடுவேன், அவர்கள் லைட் கம்பம் வரைக்கும் தெற்கே நடப்பார்கள். அரைக் கிலோமீட்டர் போக, அரை வர. வேளாங்கண்ணி நூற்று நாற்பது கிலோமீட்டர். எத்தனை வருஷம் ஆகும் என்று நானும் கேட்கவில்லை. சேர்ந்து போகிறோம், சேர்ந்து திரும்புகிறோம், நடுவில் அவரவர் பாடு.

இன்று கேட்டைத் திறக்கும்போது பிரிசில்லா அக்கா கோலத்திலிருந்து நிமிர்ந்தார். மாமியாரும் மருமகளுமா எங்கே என்று கேட்டார். எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, நடக்கிறேன் என்றார்கள் அத்தை. அனிதாவுக்கு என்ன வேண்டுதல் என்று அக்கா கேட்டார்.

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார்கள்.

"அவளுக்கு வேண்டுதலெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ சும்மா ஓடறா."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்கள். நான் கேட்டைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன்.