அட்டவணையில் இல்லாத ரயில்

பிரிக்பீல்ட்ஸ், 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

எங்கள் ராக் குழுவின் முதல் கேசட்டை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் தர தைரியம் வரவில்லை.

தண்டவாளத்தை ஒட்டிய மாடியறையில்தான் பதிவு செய்தோம். உங்கள் ரயில்வேயிலேயே நீங்கள் வாங்கித்தந்த வேலையை உதறும்வரை இருந்த எட்டு மாதத்தில் மனப்பாடமான அட்டவணை கைகொடுத்தது. ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் ஒரு பாட்டு என்று வாசித்து முடித்தோம்.

கடைசிப் பாட்டில் மட்டும் என் கணக்கு தப்பியது. ஒரு ரயில் தூரத்து மழைபோல வந்து, கிட்டாருக்கு அடியில் நெடுநேரம் ஓடி, மெல்லக் கரைந்தது.

"உன்னாலதான் லா! அழிச்சிடலாம்," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் அய்யூப். எனக்கு மனம் வரவில்லை. கணக்கு தப்பிய கதையை அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

பத்திரிகையில் இரைச்சல் என்று எழுதினார்கள். கிள்ளான் பட்டணத்துக் கடைகளிலோ, "அந்த ரயில் பாட்டு இருக்கா, அண்ணே?" என்று கேட்டு வாங்குகிறார்களாம்.

நீங்கள் கேசட்டைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். நேற்று அம்மா போனில் சொன்னார். தினமும் மாலையில் அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறீர்களாம். ரயில் வந்ததும், "அது சரக்கு வண்டி. டைம்டேபிள்ல இருக்காது. பையன் மேல தப்பில்ல," என்கிறீர்களாம்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு வரட்டுமா, அப்பா?

இப்படிக்கு,
உங்கள் பையன்