ஹோட்டல்காரியின் தங்கை

அன்புள்ள என் பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் எப்போதும் போல நல்லாத்தான் இருக்கேன்மா என்பாய், அதை வைத்து நான் என்னத்தைக் கண்டேன். வாராவாரம்தான் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், சின்னவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பாள், அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் துணிக்கடையில், என் தையல் மெஷின் மேலேயே தாளை விரித்து எழுதுகிறேன். மதிய நேரத்தில் பேண்ட் நீளம் குறைக்க யாரும் வருவதில்லை. நடுவில் எழுத்து கோணலாகப் போயிருந்தால் யாரோ இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொல்லி வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொள். நீ அனுப்பிய சோப்பும் துண்டுகளும் வந்து சேர்ந்தன. சோப்பை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். துண்டுகளை அப்பா அன்றைக்கே சலூனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது முடி வெட்ட வருகிறவர்கள் கழுத்தில் எல்லாம் உன் ஹோட்டல் பெயர்தான். அவருடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலைக்கு வேறு எப்படி இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்கு ஸ்காலர்ஷிப் எதுவும் கிடைக்கவில்லை. இவளையாவது படிக்க வைங்க என்று சொல்லிவிட்டுத்தான் நீ விமானம் ஏறினாய், அதனால் இது வேறு யார் வாயிலிருந்தும் உன் காதுக்கு வரக் கூடாது. காலேஜில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று படிக்கிற படிப்பு. தண்ணி குழாயில வந்தா போதாதா, எப்படி வருதுன்னு வேற தெரியணுமா என்று அப்பா அவளைக் கேலி பண்ணுவார், அந்தப் பக்கம் சலூனில் போய் என் மக பூமியையே துளைச்சுப் பார்க்கப் போறா என்பார். கட்டவேண்டிய பணம் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. அப்போதுதான் கணக்கு டீச்சர் அவளைக் கூப்பிட்டு, பெரிய ஸ்காலர்ஷிப்புக்கு எல்லாம் நாடு முழுக்க அடித்துக்கொள்வார்கள், நம்ம ஊரில் வியாபாரிகள் சங்கம் கொடுக்கிறது, லாரிக்காரர்கள் சங்கம் கொடுக்கிறது, மருந்துக்கடைக்காரர் தன் அம்மா நினைவாகக் கொடுக்கிறார், இதற்கெல்லாம் விண்ணப்பிக்க ஆளே இல்லை, கொடுக்கிறவர்கள் எல்லாரும் உங்க அப்பாவைத் தெரிந்தவர்கள், அதுவே உனக்குப் பாதி பலம் என்று சொல்லி அனுப்பினார். அந்தம்மா நல்ல மனசோடு சொன்னதுதான். எங்களுக்கும் அன்றைக்கு அது பலம் என்றுதான் பட்டது. அந்த மூன்று இடத்திலும் உட்கார்ந்திருக்கிற ஆட்களின் தலை எல்லாம் மாதம் ஒரு தடவை அப்பா கைக்குள்தானே வருகிறது.

அவள் விண்ணப்பம் எழுதுவதைப் பார்க்க வேண்டுமே. சாப்பாட்டு மேஜையில் ஒருத்தரையும் தட்டு வைக்க விடமாட்டாள். ஊருக்கு நீங்கள் செய்த சேவை என்ன என்று ஒரு கேள்வி. உடனே அப்பா, எங்கப்பா இந்த ஊர்த் தலையை எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கார்னு எழுது என்றார், அவள் சிரித்த சிரிப்பில் பேனா உருண்டு கீழே போனது. ஆனால் அவள் எழுதியது வேறு. மழை பெய்தால் பள்ளிக்கூடக் குழாயில் கலங்கலாக வருமே, அது எந்த இடத்தில் சாக்கடையோடு சேர்கிறது என்று தெருத்தெருவாக நடந்து பார்த்து, படம் போட்டு, நகராட்சி ஆபீசுக்குக் கொடுத்து, அவர்கள் வந்து தோண்டிச் சரிசெய்தார்கள் இல்லையா, அதைத்தான் எழுதினாள். போட்டோ எடுக்கப் போனபோது உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். தோளில் கொஞ்சம் பெரிசு, நான் உள்பக்கமாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

முதலில் மருந்துக்கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது. உங்களைவிடத் தேவை அதிகமுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நம்மைவிடத் தேவை அதிகம் என்றால் அது எந்த வீடு என்று நான் அன்றைக்கு யோசித்தேனே தவிர, இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் வியாபாரிகள் சங்கத்தில் நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கடை மாடியில் ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், காற்று வரட்டும் என்று கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா சலூனைப் பூட்டிவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவள் மட்டும் உள்ளே போனாள், நானும் அப்பாவும் வெளியே படிக்கட்டுப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், உள்ளே பேசுவது எல்லாம் காதில் விழுந்தது. சாக்கடைக் கதையைக் கேட்டு எல்லாரும் பாராட்டினார்கள். மதிப்பெண்ணைப் பார்த்து ஒருவர் மேஜையைத் தட்டினார். அப்பா என் முழங்கையை இடித்தார். அப்புறம் கண்ணாடிக்கடைக்காரர், அவர்தான் தலைவர், குத்தலாக இல்லை, வாஞ்சையாகவே கேட்டார். "உங்க அக்கா வெளிநாட்டுல ஹோட்டல் வச்சிருக்காங்களாமே. அப்புறம் எதுக்கும்மா உனக்கு இது?"

ஹோட்டல் வைத்திருக்கிறாயாம். நீ. எனக்கு ஒரு நிமிஷம் வேறு யாரையோ கேட்கிறார் என்றுதான் தோன்றியது. இது எங்கே தொடங்கியது என்று உனக்குச் சொல்கிறேன். போன புதிதில் நீ போனில், என்னை ஹவுஸ்கீப்பிங்கில் போட்டிருக்கிறார்கள் என்றாய். அப்படின்னா என்ன என்று அப்பா கேட்டார். ரூம் எல்லாம் நாங்கதான்பா பாத்துக்கணும் என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. அவர் மறுநாள் சலூனில், என் பொண்ணு அங்க ஒரு ஹோட்டலையே பாத்துக்கிறா என்றார். சவரம் முடிந்து போனவர் டீக்கடையில் ஹோட்டல் நடத்துறா என்று சொல்லியிருப்பார். டீக்கடையிலிருந்து மார்க்கெட்டுக்குப் போவதற்குள் நீ ஹோட்டல் வைத்துவிட்டாய். சுற்றிக்கொண்டு அது அப்பாவிடமே திரும்பி வந்தபோது அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கத்திரிக்கோலைச் சும்மா காற்றில் இரண்டு தடவை சொடுக்கியிருப்பார், அவர் பழக்கம் உனக்குத் தெரியாதா. ஹோட்டல்காரி அப்பா என்று கூப்பிடுகிறார்களாம். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். இதில் உன் துண்டு வேறு ஊர்க் கழுத்தில் எல்லாம் ஏறி உட்கார்ந்து சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சின்னவளுக்கு உன் வேலை நன்றாகத் தெரியும். தரை துடைக்கிற மருந்துத் தண்ணீரில் வெடித்துப்போன உன் கையை நீ படம் எடுத்து அவளுக்குத்தானே அனுப்பினாய், அம்மாகிட்ட காட்டாதே என்று. அவள் காட்டினாள். இல்லை சார், எங்கக்கா கட்டிலில் துணி மாற்றுகிறாள், குளியலறை கழுவுகிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறையிலேயே எல்லாம் மாறியிருக்கும். நான் பெஞ்சில் இருந்தபடியே சொல்லுடி, சொல்லுடி என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தது அவள் கண்ணில் பட்டது. "ஆமா சார், அக்காதான் பாத்துக்கிறாங்க" என்றாள். அவர்களும் சந்தோஷமாக, ரொம்ப நல்லதும்மா, அக்கா மாதிரியே நீயும் வா என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெருவுக்கு வந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "நான் பொய் சொல்லலையே. பாத்துக்கிறான்னுதானே சொன்னேன்" என்றார். இல்லை, பொய் சொல்லவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அந்த முகத்தைப் பார்த்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நடுத்தெருவிலேயே பிடித்துக் கத்தியிருப்பேன். அழுகைதான் முந்திக்கொண்டது.

அப்புறம் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ அவரைத் தப்பாக நினைப்பாய். கண்ணாடிக்கடைக்காரர் சவரத்துக்கு வந்தபோது, கடையில் நாலு பேர் காத்திருக்கும்போதே, என் பொண்ணு அங்க படுக்கை தட்டுறா, கக்கூஸ் கழுவுறா, அவளுக்கு ஹோட்டலும் இல்ல ஒண்ணும் இல்ல என்று அப்பா சொல்லியிருக்கிறார். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருப்பார் பார். அந்த மனுஷர் சிரித்திருக்கிறார். முன்னுக்கு வர்ற முதலாளிங்க எல்லாம் அப்படித்தாங்க, எந்த வேலையையும் தானே இறங்கிச் செய்வாங்க என்றாராம். காத்திருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்களாம். அப்பா விடாமல் சொல்லச் சொல்ல கண்ணாடிக்கடைக்காரருக்கே சங்கடமாகிப்போய், எங்க சங்கத்தில் ஆளை முடிவு செய்தாகிவிட்டது, லாரிக்காரர்களிடம் நான் வேண்டுமானால் சொல்லிப் பார்க்கிறேன், உங்கள் பெண் அங்கே இன்ன வேலைதான் பார்க்கிறாள், இவ்வளவுதான் சம்பளம் என்று ஹோட்டலிலிருந்து முத்திரை போட்டு ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள் என்றாராம்.

அப்பா அதைக் கேட்டு உயிர் வந்தவர் மாதிரி வீட்டுக்கு ஓடி வந்தார். பெரியவளுக்குப் போன் போடு என்றார். நானும் போனை எடுத்துவிட்டேன். சின்னவள் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தாள். "அக்கா கக்கூஸ் கழுவுறான்னு அவளை விட்டே எழுதி வாங்கி ஊருக்குக் காட்டி நான் படிக்கணுமா? அக்காகிட்ட கேட்டீங்கன்னா நான் எந்தக் காலேஜுக்கும் போகமாட்டேன்" என்றாள். அதில் ஒன்றும் கேவலம் இல்லையடி, அவள் உழைத்துச் சாப்பிடுகிறாள் என்றேன். எனக்குத் தெரியும்மா, இந்த ஊருக்குத் தெரியாது என்றாள். அவள் தூங்கின பிறகு உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்டிருப்பேன், அதற்குள் லாரிக்காரர்களும் கொடுத்து முடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறாளே, அவள் மகளுக்கு. அந்தப் பெண்ணும் கெட்டிக்காரி, அவர்கள் வீட்டுக் கூரையை நான் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல வாய் வரவில்லை. குறை சொல்லவாவது ஒருத்தர் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலேஜில் பணம் கட்டுகிற நாளும் போய்விட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா சொல்கிறார், அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை, அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டவர்கள் யாரும் காலேஜுக்குப் போனதை நான் பார்த்ததில்லை, நீயே என் கண்முன் இருக்கிறாய். எங்கள் கடை முதலாளி இவளுக்குப் பில் போடுகிற வேலை கொடுத்திருக்கிறார். நான் இதை எழுதும்போதே அவள் முன்பக்கம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்து அவள் பின்னல் மட்டும் தெரிகிறது. யாரோ ஒருவருக்கு அளவு குறித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். முகத்தை நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறாள். உன்னிடம் படித்த வித்தை.

இதைப் படித்துவிட்டு நீ இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன் என்று தொடங்கிவிடாதே. அந்தக் கையோடு நீ இன்னும் எத்தனை கட்டிலைத் தட்டினாலும் அந்தப் பணம் வராது, எனக்குக் கணக்குத் தெரியும். அப்பா மேல் கோபப்பட்டுப் பேசாமலும் இருந்துவிடாதே. அவர் இப்போது சலூனில் பேசுவதே இல்லை, வேலை சீக்கிரம் முடிகிறது என்று வருகிறவர்கள் சந்தோஷப்படுகிறார்களாம். துண்டுகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டார். உன்னிடம் போனில் பேசும்போது என்ன சாப்பிட்டாய் என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கமாட்டார், நீயாகவே ஏதாவது சொல்லிச் சிரிக்க வை. தங்கையிடம் காலேஜ் பேச்சை எடுக்காதே. இந்தக் கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று, மறந்துவிடாதே. லீவுக்கு நீ வரும்போது தெருவில் ஆட்கள் உன்னை நிறுத்துவார்கள். டீக்கடைக்காரர் தன் அக்கா மகனுக்கு உன் ஹோட்டலில் ஒரு வேலை கேட்க ரெடியாக இருக்கிறார், இன்னும் யார் யாரோ. நீ நிஜத்தைச் சொன்னாலும் தன்னடக்கம் என்பார்கள். அதனால் வாதாடாதே, பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கை சீக்கிரம் ஆற வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய். உடம்பைப் பார்த்துக்கொள் மகளே. ஹோட்டலைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் பேர் இருக்கிறார்கள், உன்னைப் பார்த்துக்கொள்ள அங்கே நீ ஒருத்திதான்.

கூப்பிடு தூரத்தில் இல்லாத
உன் அம்மா